டைம்ஷீட்டில் ஏறாத இரவுகள்

மைசூரு அக்ரஹாரத்தில், நூற்றொரு கணபதி கோயிலை ஒட்டிய தெருக்களில், பிள்ளைக்கு கன்சல்டிங் நிறுவனத்தில் அனலிஸ்ட் வேலை என்றால் வீட்டாருக்குப் பெருமை பிடிபடுவதில்லை. வாரத்தில் சில நாள் பெங்களூரு அலுவலகம். 2023-ல் திறந்த அதிவேகச் சாலை அதை எளிதாக்கியிருக்கிறது. மற்ற நாள்களில் வீட்டு மாடியே அலுவலகம். அதனால் இந்த வேலை எப்படிப்பட்டது என்பதைப் பெற்றோர் கண்ணாலேயே பார்க்கிறார்கள். இரவு பத்து மணிக்கு மேனேஜரின் திருத்தங்கள் வரும். விடிவதற்குள் எக்செல் கணக்கைச் சரிபார்த்து, ஸ்லைடுகளை மாற்றி, கிளையன்ட்டுக்கான டெக்கை முடித்தாக வேண்டும்.

வேலைப்பளுவை விட என்னை உறுத்துவது டைம்ஷீட். ப்ராஜெக்ட்டுக்கு இத்தனை மணி நேரம் என்று கணக்கிட்டுத்தான் பெரும்பாலும் விலை பேசுகிறார்கள். அதற்கு மேல் எழுதினால் லாபம் குறையும். மேனேஜர் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆகவே பதினான்கு மணி நேரம் உழைத்த பையன் எட்டு என்று எழுதுகிறான். எழுதச் சொல்லி யாரும் உத்தரவு போடுவதில்லை. சீனியர்களைப் பார்த்துப் பழகிக்கொள்கிறான். அந்த எட்டை நம்பித்தான் அடுத்த ப்ராஜெக்ட்டுக்கும் விலை பேசப்படுகிறது. இந்த வருடம் மறைத்த இரவுகள், அடுத்த வருடம் சேரும் பிள்ளையின் தலையில் விடிகின்றன.

கர்நாடகக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி. மிகுந்தால் இரட்டைச் சம்பளம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்பது உண்மை. நேற்றுச் சேர்ந்த அனலிஸ்ட் யாரை நிர்வகிக்கிறான்? ஆனால் அவன் கையாலேயே எட்டு என்று எழுதியிருக்கும்போது எந்த அதிகாரியிடம் போய் முறையிடுவான்?

2024-ல் புனேயில் ஓர் இளம் கணக்காளர் இறந்தபோது, வேலைப்பளுவே காரணம் என்று அவருடைய தாயார் எழுதிய கடிதம் நாட்டையே பேச வைத்தது. அதே ஆண்டு ஜூலையில் கர்நாடகத்தில், ஐ.டி. ஊழியர்களை 14 மணி நேரம் வேலை வாங்க வழிவிடும் யோசனை எழுந்து, தொழிற்சங்கங்கள் கொதித்தன. வரம்பைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். பதிவேட்டைப் பற்றிய பேச்சு குறைவு.

இரண்டே வருடத்தில் பத்து வருட அனுபவம் கிடைக்கிறது என்பவர்களும் உண்டு. கிடைக்கட்டும். அந்த அனுபவத்தின் முதல் பாடம் பொய்க்கணக்காக இருக்க வேண்டாம். உழைத்த நேரத்தை அப்படியே எழுதுபவரின் அப்ரைசலில் கைவைக்கக் கூடாது என்று நிறுவனங்கள் எழுத்தில் உறுதி தரட்டும். தொழிலாளர் துறை டைம்ஷீட்டோடு லாகின் பதிவுகளையும் கேட்டு வாங்கி ஒப்பிடட்டும். பெற்றோரும் பிள்ளையிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, இன்று எத்தனை மணி எழுதினாய் என்றும் கேட்கட்டும்.