எச்சமும் முடிபும்

இலக்கணத்தில் எச்சம் என்றொரு பகுதி உண்டு. தானாக முற்றுப்பெறாது, தன்னை முடித்தற்கு வேறொரு சொல்லை வேண்டி நிற்பது எச்சம். இறந்தொழிந்த உயிர்கள் பாறையுள் விட்டுச்சென்ற என்புகளையும் எச்சம் என்றே வழங்குகின்றோம். இவ்வழக்கு மிகப் பொருத்தமானது. அவ்வென்புகளும் தம்மை முடித்துவைப்பார் ஒருவரை வேண்டியே கிடக்கின்றன. அங்ஙனம் முடித்துவைக்கும் கலை, உரை காணும் கலைக்கு உடன்பிறந்தது. ஆதலின் விஞ்ஞானம் பயிலாத யானும் அதனைப் பற்றிச் சில சொல்லத் துணிகின்றேன்.

டைனோசர் என்னும் பேரினத்துள் தெரோப்பொட் என்பது ஒரு பெரும் பிரிவு. இரு காலால் நடந்தவை. பலவும் ஊனுண்டு வாழ்ந்தவை. 1881ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் மார்ஷ் இப்பெயரை வகுத்தார். கிரேக்க மொழியில் 'விலங்கின் அடி' என்பது அதன் பொருள். 'பறவையின் அடி' எனப் பொருள்படும் பெயரை அவர் வேறொரு பிரிவுக்குக் கொடுத்தார். இன்றைய பறவைகளோ விலங்கடிப் பிரிவின் வழித்தோன்றல்கள் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பெயரை மட்டும் நம்பிப் பொருள் காணப் புகுவார்க்கு இஃது ஓர் எச்சரிக்கை.

இப்பிரிவினுள் முதலிற் பெயர் பெற்றது மெகலோசோரஸ். 1824இல் இங்கிலாந்தில் வில்லியம் பக்லண்ட் அதனை விவரித்தார். அவர்முன் கிடந்தவை பல்லோடு கூடிய கீழ்த்தாடைத் துண்டொன்றும், முள்ளந்தண்டு, இடுப்பு, கால் ஆகியவற்றின் என்புகள் சிலவுமே. முப்பது ஆண்டு கழித்து, 1854இல், இலண்டனின் சிடனம் பகுதியில் வோட்டர்ஹவுஸ் ஹோக்கின்ஸ் என்னும் சிற்பி அதற்கு முழுவுருக் கொடுத்தார். நான்கு காலையும் ஊன்றி நிற்கும் பருத்த விலங்காக அவர் அதனை அமைத்தார். அச்சிலையை இன்றும் காணலாம். அவ்விலங்கு இரு காலில் நடந்தது என்பது பிறகே அறியப்பட்டது. எனினும் சிற்பியைப் பழித்தல் முறையன்று. கிடைத்த சிறிய எச்சத்துக்கு, அன்று அறியப்பட்ட விலங்குகளைத் துணைக்கொண்டு அவர் முடிபு சொன்னார்.

நியூயோர்க் நூதனசாலையில் 1915இல் நிறுத்தப்பட்ட டைரனோசோரஸ், உடலை நிமிர்த்தி, வாலை நிலத்தில் ஊன்றி நின்றது. 1990களில் அதனைப் பிரித்துத் திரும்பவும் கூட்டினர். இப்போது முதுகு கிடையாக இருக்க, வால் நிலந்தொடாது பின்னே நீண்டு நிற்கின்றது. என்புகள் பெரிதும் முன்னிருந்தவையே. அவற்றைக் கூட்டி வாசித்த முறையே வேறாயிற்று.

தசையைக் காணாதார் தசை வரைவது எவ்வாறு? தசை பற்றியிருந்த இடத்தில் என்பு மேடும் வடுவும் கொண்டிருக்கும். மேலும், இன்று உயிர்வாழ்வனவற்றுள் முதலையும் பறவையும் டைனோசருக்கு இருபுறத்துச் சுற்றத்தார். அவ்விரண்டிற்கும் பொதுவாயுள்ள உறுப்பு இடைநின்ற டைனோசருக்கும் இருந்திருக்கும் என்பது ஆய்வாளர் கொண்ட விதி. நம் அளவை நூலார் மொழியிற் கூறின், என்பு காட்சியளவை, தசை கருதலளவை. புகை கண்டு நெருப்பை உணரும் நெறியே இது. ஆனால் பனியைப் புகையென மயங்கினால் வருவது என்ன?

1923இல் அமெரிக்க நூதனசாலையார் மொங்கோலியாவின் கோபிப் பாலையில் அகழ்ந்தபோது, முட்டைக் குவியல் ஒன்றின்மீது, பல்லில்லா அலகுடைய சிறு தெரோப்பொட் ஒன்றின் எச்சத்தைக் கண்டனர். அம்முட்டைகள் அப்பகுதியில் மிகுதியாகக் கிடைத்த புரோட்டோசெரடொப்ஸ் என்னும் தாவரவுண்ணிக்கு உரியன என்று கொண்டனர். அவ்வாறாயின் இவ்வுயிர் அங்கு வந்தது எதற்கு? திருடற்கே! 1924இல் ஒஸ்போர்ன் என்னும் அறிஞர் அதற்கு 'ஓவிராப்டர்', அஃதாவது 'முட்டைக் கள்வன்', எனப் பெயரிட்டார். அப்பெயர் அதன் இயல்பைப் பிழைபடக் காட்டவுங்கூடும் என்று அவரே எழுதியும் வைத்தார். எச்சரிக்கை ஏட்டிற் கிடந்தது. பெயரோ உலகெங்கும் பரந்தது.

1993இல் அதே கோபியில் அத்தகைய முட்டை ஒன்று, முளையத்தின் நுண்ணிய என்புகளோடு கிடைத்தது. அம்முளையம் புரோட்டோசெரடொப்ஸ் அன்று. ஓவிராப்டரின் சுற்றத்தைச் சேர்ந்தது. முட்டைகளின்மேற் கால் மடக்கி அமர்ந்து, இரு கைகளையும் விரித்துக் கூட்டினை அணைத்தபடியே மாண்ட வளர்ந்த உயிர் ஒன்றின் என்புக்கூடும் 1995இல் விவரிக்கப்பட்டது. அடைகாக்கும் பறவையின் இருப்பே அது. 2001இல் அவ்வினத்துக்குச் 'சிதிபதி' எனப் பெயரிட்டனர். ஈமச் சிதையின் தலைவன் என்னும் பொருளுடைய வடசொல் அது.

தன் கூட்டைக் காத்த உயிருக்குக் கள்வன் என்னும் பழி எழுபது ஆண்டு நின்றது. உயிரினங்களுக்குப் பெயரிடும் விதி முதலிட்ட பெயரையே நிலைநிறுத்துவதால், பழி நீங்கியும் பெயர் நீங்கவில்லை.

கருதலுக்கு மட்டுமே உரியதென நினைத்த நிறமும் இப்போது காட்சியின் எல்லையை அணுகியுள்ளது. 1996இல் சீனாவின் லியோனிங் மாகாணத்திலிருந்து சைனோசோரொப்டெரிக்ஸ் என்னும் சிறு தெரோப்பொட், தூவி போன்ற இழைகளோடு வெளிப்பட்டது. அவ்விழைகளில் எஞ்சியிருந்த நுண்ணிய நிறமணிகளின் வடிவத்தை ஆராய்ந்து, அதன் வாலிற் செம்பழுப்பு நிறப் பட்டைகள் இருந்தன என 2010இல் அறிவித்தனர்.

இத்தனை முறை மாறிய உருவை எவ்வாறு நம்புவது என மாணாக்கர் வினவுவர். உரை திருந்துவது மூலம் பொய் என்பதற்குச் சான்றாகாது என்பதே யான் கூறும் விடை. எனினும் ஒன்று கருதத்தக்கது. செல்லரித்த ஏட்டைப் பதிப்பிக்கும் நேர்மையாளர், சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டு விட்டுவிடுவர். ஓவியனுக்கு அவ்வசதி இல்லை. கண்ணுக்கு ஒரு நிறம் தீட்டியே ஆகவேண்டும். கைக்கு ஒரு தொழில் கொடுத்தே ஆகவேண்டும். ஆகவே அப்புள்ளிகளை இடும் கடமை, படத்தின் கீழ்க் குறிப்பெழுதுவார்க்கும், அதனை வகுப்பிற் காட்டும் ஆசிரியர்க்கும் உரியதாகின்றது. இவ்வளவு கண்டது, இவ்வளவு கருதியது என்று அவர்கள் பிரித்துக் காட்டுவாராக. அங்ஙனம் காட்டின், இனியொரு தாயையோ தந்தையையோ கள்வர் என்று நம் பிள்ளைகள் மனனஞ் செய்ய நேராது.