புட்டிப்பால் கன்றுக்குக் கழிச்சல் கண்டால்

தாய்மடியில் ஊட்டாமல் புட்டியில் பால் குடித்து வளரும் கன்றைப் பிறந்த முதல் மூன்று, நான்கு வாரங்களில் அதிகம் வதைப்பது கழிச்சல். இதில் சாகும் கன்றுகளில் பெரும்பாலானவற்றைக் கிருமி நேராகக் கொல்வதில்லை. சாணத்தோடு போன நீரும் உப்பும் உடலுக்குத் திரும்பாததுதான் கொல்கிறது. 30 கிலோ எடையுள்ள கன்று தன் எடையில் எட்டு விழுக்காட்டை இழந்தால், போன நீர் ஏறக்குறைய இரண்டரை லிட்டர். காலையில் துள்ளிய கன்று மறுநாள் எழ முடியாமல் கிடப்பது இதனால்தான்.

சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கும் தியாகதுருகத்தைச் சுற்றிய ஊர்களில் கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளி போக மிச்ச வருமானம் கறவையில் வருகிறது. பெரும்பாலும் ஜெர்சி கலப்பினம். மடிநோய் கண்ட பசு, ஈன்றதும் இறந்த பசு, கன்றை அண்டவிடாமல் உதைக்கும் தலையீற்றுப் பசு என ஏதோ ஒரு காரணத்தால் கன்று புட்டிக்கு வருகிறது.

கன்று தலையை உயர்த்திப் பாலைச் சப்பும்போது, உணவுக்குழாயின் முடிவில் உள்ள ஒரு மடிப்பு குழாய்போல் சுருண்டு, பாலைப் பெருவயிற்றுக்குள் விடாமல் நான்காம் வயிற்றுக்கு அனுப்பிவிடும். அங்கே பால் உறைந்து, மெல்ல மெல்லச் செரிக்கும். சீக்கிரம் குடிக்கட்டும் என்று நிப்பிளின் துளையைப் பெரிதாக அறுத்துவிட்டால் கன்று சப்புவதில்லை, விழுங்குகிறது. அப்போது பால் பெருவயிற்றில் சிந்திப் புளித்து, வயிறு உப்பும். ஆறிப்போன பால், நேரம் தவறிய பால், ஒரே வேளையில் வயிறு முட்டக் கொடுத்த பால், அடியில் புளித்த பாலாடை ஒட்டிய புட்டி ஆகியவையும் கழிச்சலைக் கூட்டிவரும். பால் கறந்த சூட்டில் இருக்க வேண்டும். நாளொன்றுக்குக் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பது பொதுவான கணக்கு.

கிருமிகளில் எது என்பதை ஓரளவு வயதே காட்டிக்கொடுக்கும். பிறந்த நான்கைந்து நாளுக்குள் நீராய்ப் பீய்ச்சினால் ஈ.கோலை, ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் என்றால் ரோட்டா, கொரோனா வைரஸ்களும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியும், மூன்று வாரம் தாண்டி இரத்தமும் சளியுமாகப் போனால் காக்சிடியா. எருமைக் கன்றில் உருண்டைப் புழுவையும் சந்தேகிக்க வேண்டும். ஆனால் முதல் நாளில் இந்த ஆராய்ச்சியைவிட அவசரமானது, கன்று எவ்வளவு வற்றியிருக்கிறது என்று பார்ப்பது. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். சில விநாடி கூடாரம்போல் நின்றால் நீர் குறைந்திருக்கிறது. கண் குழிக்குள் இறங்கியிருந்தால் இன்னும் மோசம். வாய்க்குள் விரலை வைத்தால் சப்ப வேண்டும். சப்பாமல், வாயும் காதும் சில்லிட்டு, படுத்தே கிடந்தால் அது வீட்டு வைத்தியத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது.

சப்பும் தெம்பு இருக்கும் கன்றுக்கு முதல் மருந்து உப்பும் குளுக்கோஸும் கலந்த நீர். குடல் கழிந்துகொண்டிருக்கும்போதும் குளுக்கோஸ் உப்பையும், உப்பு நீரையும் உடலுக்குள் இழுத்துச் செல்லும். இந்த நுட்பத்தை நம்பித்தான் 1971இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் காலரா நோயாளிகளுக்கு வாய்வழிக் கரைசல் கொடுத்து ஏராளமானோரைக் காப்பாற்றினார். கன்றுக்கும் அதே வழிதான், ஒரு முக்கியமான வேறுபாட்டோடு. குழந்தைக்குச் சர்க்கரையும் உப்பும் கலந்து கொடுப்பதுபோல் கன்றுக்குக் கொடுக்கக் கூடாது. சர்க்கரையையும் வெல்லத்தையும் உடைக்கும் நொதி கன்றின் குடலில் இல்லை. செரிக்காத இனிப்பு குடலில் தங்கி நீரை இழுத்து, கழிச்சலை அதிகமாக்கும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலைகள் இருக்கும் இந்த மாவட்டத்தில் கைக்கு முதலில் அகப்படுவது சர்க்கரையாகவோ வெல்லமாகவோதான் இருக்கும்; அதைத் தவிர்க்க வேண்டும். முதல் வாரங்களில் அரிசிக் கஞ்சியும் அவ்வளவாகச் செரிக்காது. கன்றுகளுக்கென்று விற்கும் உப்புக் கரைசல் பொடியே நல்லது. அது கிடைக்காதபோது மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் சொன்ன அளவு வெதுவெதுப்பான நீரில் கரைத்துக் கொடுக்கலாம்.

பாலை நிறுத்துவது பலர் செய்யும் தவறு. ஒரு நாள் பட்டினி போட்டால் வயிறு சரியாகும் என்ற நம்பிக்கை இளங்கன்றிடம் பலிக்காது. அதன் உடலில் சேமிப்பு மிகக் குறைவு, பால்தான் ஒரே ஊட்டம். பாலைச் சிறு சிறு வேளையாகத் தொடர்ந்து கொடுத்து, இடையில் கரைசலை ஒரு வேளைக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் வீதம் இரண்டு மூன்று முறை கொடுக்க வேண்டும். இரண்டையும் கலக்கக் கூடாது. கரைசலில் உள்ள சிட்ரேட்டும் சோடா உப்பும் பால் உறைவதைக் கெடுக்கும்; இரண்டு மணி நேர இடைவெளி போதும். குடிக்க மறுக்கும் கன்றின் தலையை அண்ணாந்து பிடித்து, மூங்கில் குழாயாலோ பாட்டிலாலோ ஊற்றினால் நீர் நுரையீரலுக்குள் இறங்கும். கழிச்சலிலிருந்து பிழைத்த கன்று நிமோனியாவில் போன கதைகள் இப்படித்தான் உண்டாகின்றன.

எல்லாக் கழிச்சலுக்கும் ஆன்டிபயாடிக் தேவையில்லை. வைரஸுக்கு அது பயனற்றது; காய்ச்சல், இரத்தக் கழிச்சல், பெரும் சோர்வு இருந்தால் மருத்துவர் அதை முடிவு செய்வார். மனிதர்களுக்கான, பேதியை நிறுத்தும் மாத்திரை குடலை அசையவிடாமல் செய்து, கிருமியையும் நஞ்சையும் உள்ளேயே நிறுத்திவிடும். கால்நடை மருத்துவப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய மரபுவழி மருத்துவத்தில் சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பெருங்காயம் முதலியவற்றை வறுத்தரைத்துக் கழிச்சலுக்குக் கொடுக்கும் முறை உண்டு. அதில் பனைவெல்லமும் சேரும். எனவே பால் மட்டுமே குடிக்கும் வயதுக் கன்றுக்கு மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. எந்த மருந்தானாலும் கரைசலுக்குத் துணையாகவே இருக்க வேண்டும், அதற்குப் பதிலாக அல்ல.

எழ முடியாத கன்றுக்கு இரத்தக்குழாய் வழியாக நீர் ஏற்றி, இரத்தத்தில் ஏறிய அமிலத்தைச் சோடியம் பைகார்பனேட்டால் சரிசெய்ய வேண்டும். 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். வெள்ளிமலைக்கு அப்பால் கல்வராயன் மலைச் சிற்றூர்களில் உதவி வந்து சேர நேரமாகும் என்பதால், அங்கே பசு ஈனும் முன்பே கரைசல் பாக்கெட்டுகளை வாங்கி வைத்திருப்பது அவசியம். மழைக்கால மலைக்குளிரில் நனைந்த கன்றைத் துடைத்து, உலர்ந்த வைக்கோல் மேல் கிடத்திச் சாக்கால் போர்த்துவதும் சிகிச்சையின் பகுதிதான்.

புட்டிக் கன்றுக்குக் கழிச்சல் வராமல் காப்பதில் சீம்பாலுக்கு ஈடு ஏதுமில்லை. தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் கருவில் இருக்கும்போது கன்றுக்கு வருவதில்லை. சீம்பால் வழியாகத்தான் வரும். அதை உறிஞ்சும் வழி குடலில் சுமார் 24 மணி நேரத்தில் அடைபட்டுவிடும் என்பதால், முதல் இரண்டு மணி நேரத்துக்குள் புகட்ட வேண்டும். தாய் இறந்திருந்தால் அதே நாளில் ஈன்ற வேறு பசுவின் சீம்பாலும் ஆகும். நோயுற்ற கன்றைத் தனியே கட்டி, அதன் புட்டியையும் நிப்பிளையும் ஒவ்வொரு வேளையும் வெந்நீரில் கழுவி, மற்றக் கன்றுகளுக்கு ஊட்டிய பிறகே அதனிடம் போக வேண்டும். கிரிப்டோஸ்போரிடியமும் சால்மோனெல்லாவும் மனிதருக்கும் தொற்றும். கன்றைப் பார்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது, சிறுபிள்ளைகளை அந்தக் கன்றோடு விளையாட விடவும் கூடாது.