மருந்து வேண்டாம், களைக்கொட்டு போதும்!

மழைக்காலம் முடிந்ததும் காலி மனையும், வீட்டுக் கொல்லையும் இடுப்பளவு புல் மண்டிப் போகிறது. பார்க்கப் பச்சைப்பசேலென்று இருந்தாலும், உள்ளே கொசு, தேள், சில சமயம் பாம்பும் குடியிருக்கும். உடனே எல்லாரும் சொல்வது ஒன்றுதான்... 'களைக்கொல்லி அடிச்சிடுங்க, ரெண்டே நாள்ல கருகிடும்!'

சென்ற தை மாதம், எங்கள் தெருவிலும் இதே பேச்சு. பக்கத்துக் காலி மனையிலிருந்து விரியன் ஒன்று, எதிர் வீட்டு வாசற்படி வரை வந்து விட்டது. மனைக்காரர் வெளியூரில் இருக்கிறார். போன் செய்தால், 'நீங்களே சுத்தம் பண்ணிக்குங்க' என்று விட்டார். தெரு ஆண்கள் மருந்து வாங்கக் கிளம்பினர். அந்த மனையின் மூலையில் ஒரு கிணறு. கோடையில் நான்கு வீடுகளுக்கு அதுதான் தண்ணீர். அதனால், பெண்கள் நாங்கள் மறுத்து விட்டோம்.

மருந்து என்ற பெயரே தப்பு, அது விஷம். பரவலாக அடிக்கப்படும் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2015ல், 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் சேர்த்தது. பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணி செய்வோர் தவிர வேறு யாரும் இதைப் பயன்படுத்தக் கூடாது என, 2022 அக்டோபரில் மத்திய அரசும் அறிவித்தது. அது மட்டுமா... கருகிய புல் அங்கேயேதான் நிற்கும். கடைசியில் அரிவாளைத் தூக்கித்தானே ஆக வேண்டும்?

எங்கள் தெருவுக்குக் கீரை விற்க வரும் பெரியம்மா, பல வருடம் வயலில் களை எடுத்தவர். அவரிடம் கேட்டோம். 'தலையைச் சீவினா கோரை சாகுமா தாயி? அதுக்கு உசுரு கிழங்குல இருக்கு. நான் வந்து காட்டுறேன்...' என்றார். அவர் சொல்லித் தந்ததைத் தோழிகளுக்கும் சொல்கிறேன்:

* முதல் நாள் மாலையே தண்ணீர் தெளித்து, மண்ணை ஈரமாக்குங்கள். வேர் அறுந்து போகாமல் முழுசாக வரும்.

* ஷூ, முழுக்கை சட்டை அவசியம். நீளமான கம்பால் தரையைத் தட்டிக் கொண்டே போனால், பாம்பு விலகிப் போகும். கண்ணுக்குத் தெரியாத புதருக்குள் கையை விடவே கூடாது.

* முதலில் கருக்கரிவாள். இடது கையால் புல்லைப் பிடித்து, பிடிக்குக் கீழே அரிவாளைப் போட்டு இழுங்கள். ஒரு சாண் உயரம் விட்டு அறுத்தால், கீழே என்ன இருக்கிறது என்று தெரியும்.

* அடுத்து களைக்கொட்டு. கோரையைச் சுற்றிக் கொத்தி, கிழங்கோடு எடுங்கள். அருகம்புல் கணுவுக்குக் கணு வேர் விடும். துண்டு விட்டாலும் முளைக்கும். மூட்டு வலிக்காரர்கள் உட்கார வேண்டாம். நீளக் காம்பு மண்வெட்டியால் நின்றபடியே கொத்தலாம்.

* பார்த்தீனியத்தை, பூப்பதற்கு முன்பே பிடுங்க வேண்டும். முளைத்த ஒரு மாதத்திலேயே பூத்து விடும். ஒரு செடி, 10 ஆயிரத்துக்கும் மேல் விதை கொட்டும். தோல் அரிப்பும், மூச்சிரைப்பும் தரும். கையில் உறை, மூக்கில் துணி கட்டாமல் தொடாதீர்கள்.

* தீ மட்டும் வைக்காதீர்கள். புகை ஒரு பக்கம். பாம்பு வெருண்டு வீட்டுக்குள் ஓடி வருவது இன்னொரு பக்கம். அறுத்த புல்லை மாட்டுக்குப் போடலாம்; அல்லது காய வைத்து, நான்கு விரல்கடை கனத்துக்குத் தரையில் பரப்பினால், வெளிச்சம் படாமல் விதைகள் முளைப்பது குறையும்.

ஆறு பெண்கள், இரண்டு ஞாயிறு காலை... மனை சுத்தம்! 'இதோட விட்டா எல்லாம் பாழு. இருபது நாள்ல இன்னொரு கை பாக்கணும்' என்றார் பெரியம்மா. நெல் வயலிலும் இரண்டு முறை களை எடுப்பது இதற்குத்தானாம். மறுபடி இறங்கியபோது, அரை நாள் வேலைதான் இருந்தது.

கூலி கொடுக்கும்போது, 'ஆம்பளை ஆளுக்குத்தான் இவ்வளவு. எனக்கு இதுல பாதிதான் தருவாங்க' என்று தயங்கினார். ஆணுக்கும், பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம கூலி என்று, 1976லேயே சட்டம் வந்து விட்டது. எந்தக் களைக்கு எந்தக் கருவி, எதை அறுப்பது, எதைத் தோண்டுவது என்று அத்தனையும் தெரிந்த கைக்கு எதற்குப் பாதிக் கூலி? ஆண்களுக்குக் கொடுக்கும் முழுக் கூலியையும் கொடுத்தோம்.

தோழிகளே... உங்கள் தெருவில் புல் மண்டினால், விஷத்தைத் தேடாதீர்கள். களை எடுக்கத் தெரிந்த ஒரு பெண்ணைத் தேடுங்கள். கற்றுக் கொண்டு கூடவே இறங்குங்கள், கூலியையும் குறைக்காதீர்கள்.

— ஒரு வாசகி, லால்குடி.