முழுமையும் படியும்: கணினி வன்தட்டைப் படியெடுத்தல் பற்றிய ஒரு நோக்கு

ஆய்வாளரின் உழைப்பு இன்று பெரும்பாலும் கணினியின் வன்தட்டிலேயே சேர்ந்து கிடக்கின்றது. களப்பணிக் குறிப்புகள், ஒலிப்பதிவு செய்த வாய்மொழிப் பாடல்கள், சுவடிகளின் ஒளிப்படங்கள், முற்றுப்பெறாத ஆய்வேடு ஆகிய யாவும் அதனுள் அடங்கும். ஆனால் வன்தட்டோ தேய்ந்து பழுதுறும் பொருளாகும். எனவே, அதன் உள்ளடக்கம் முழுவதையும் புதிய தட்டொன்றுக்கு மாற்றும் முறையினை நாம் அறிந்திருத்தல் அவசியமாகும்.

கோப்புகள் அனைத்தையும் பிரதிசெய்துவிட்டால் கணினி முழுவதையும் பிரதிசெய்ததாகும் எனப் பலர் கருதுவர். அவ்வாறு பெறப்பட்ட தட்டிலிருந்து கணினி இயங்கத் தொடங்காது. பழைய அமைப்பில், தட்டின் முதல் 512 பைற்றுகளிலேயே தொடக்க நிரலும் பிரிவுகளின் அட்டவணையும் பொதிந்துள்ளன. புதிய அமைப்பில் அவ்வட்டவணை தட்டின் தொடக்கத்திலும் இறுதியிலுமாக இருமுறை எழுதப்படுகின்றது; தொடக்க நிரல் தனிப் பிரிவொன்றில் உள்ளது. இவை சாதாரண கோப்புகளாக நம் கண்ணிற் படுவனவல்ல. சமூகம் என்பது தனிமனிதரின் வெறும் கூட்டுத்தொகையன்று, அவர்களிடையேயான உறவுகளின் தொகுதியே என்பர் மார்க்சியர். வன்தட்டும் அத்தகையதே. உறுப்புகளோடு அவற்றை இணைக்கும் ஒழுங்கும் படியெடுக்கப்படல் வேண்டும்.

இதற்கு இரு வழிகள் உள. உள்ளடக்கம் யாதென நோக்காது, தட்டினை முதலிலிருந்து இறுதிவரை அப்படியே பெயர்த்தெழுதுவது ஒன்று. 1970களில் யூனிக்ஸ் முறைமையில் தோன்றிய ‘டிடி’ என்னும் கட்டளை இதனைச் செய்கின்றது. வெற்றிடங்களையும் அழிக்கப்பட்ட கோப்புகளின் எச்சங்களையும் கூட அது பெயர்த்துவிடும். தாய்வானில் உருவாக்கப்பட்ட ‘குளோன்சில்லா’ போன்ற மென்பொருள்கள், தாம் அறிந்த கோப்பு முறைமைகளில், பயன்பாட்டிலுள்ள பகுதிகளை மட்டும் எடுப்பது மற்றொன்று. எவ்வழியாயினும், படியெடுக்கப்படும் பணிசெயல் முறைமை ஓய்ந்திருத்தல் நன்று. ஆதலின் யூஎஸ்பி நினைவகமொன்றிலிருந்து கணினியைத் தொடக்குதல் வேண்டும்.

சில எச்சரிக்கைகள் மனங்கொள்ளத்தக்கன. முழுத்தட்டையும் அவ்வாறே பெயர்ப்பதாயின், புதிய தட்டு பழையதிலும் சிறிதாயிருத்தலாகாது. மூலம் எது, இலக்கு எது என்பதை மாற்றிக் குறிப்பிட்டால் வெற்றுத் தட்டு மூலத்தின் மேல் எழுதப்பட்டு யாவும் அழியும். ஏற்கெனவே பழுதுற்ற தட்டாயின், நலமான பகுதிகளை முதலில் மீட்டெடுக்கும் ‘டிடிரெஸ்கியூ’ பொருத்தமானது. புதிய தட்டிலிருந்து கணினி இயங்குவதையும் கோப்புகள் திறப்பதையும் உறுதிசெய்யுமுன் பழையதை அழித்தலாகாது. படி மூலத்தின் குறைகளையும் வைரசுகளையும் சேர்த்தே பெறும் என்பதும் மறத்தற்கில்லை.

படியெடுத்தல் மட்டும் பாதுகாப்பாகிவிடாது. மூலமும் படியும் ஒரே கட்டடத்தில் இருப்பின் ஒரே தீயில் இரண்டும் அழியும். இது நமக்குக் கற்பனையன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறிடத்திற் படியிருந்த நூல்களை மீண்டும் தேடிப் பெறலாம். படியற்ற சுவடிகள் என்றென்றைக்குமாய் மறைந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தின் பணியினை இப்பின்னணியிலேயே நாம் மதிப்பிடல் வேண்டும்.

இறுதியாக, படியெடுக்கும் உரிமை யாருடையது என்னும் வினா எழுகின்றது. வணிகப் பணிசெயல் முறைமைகளின் உரிமம் பெரும்பாலும் இயந்திரத்துடன் பிணைக்கப்பட்டுள்ளது. படியை வேறொரு கணினியிற் பொருத்தினால் அவ்வுரிமம் செல்லாது போகலாம். தான் எழுதியது தனதாயினும், அதைத் தாங்கும் சாதனம் முழுமையாகத் தனதன்று என்பதை எழுத்தாளன் அப்போது உணர்கின்றான். மாறாக, குளோன்சில்லாவும் டிடிரெஸ்கியூவும் மூலநிரல் திறந்துவைக்கப்பட்ட மென்பொருள்கள். எவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் கூடியவை. கூட்டுழைப்பின் பயன் சந்தைப் பண்டமாகாது பொதுவுடைமையாக நிற்க முடியும் என்பதற்கு இவை சான்றாகும். நினைவைப் பேணும் கருவிகள் பொதுவாயிருக்கும்போதே ஒரு மக்களின் நினைவும் நிலைபெறும்.