ஒரு கோவிலகமும் தேக்குக் காடும்

நெப்போலியனோடு நடந்த யுத்தத்தில் ஓக் மரம் கிடைக்காமல் தவித்த ஆங்கிலேயக் கப்பற்படை மலபார்த் தேக்கை நாடியபோது, கம்பெனி சர்க்கார் 1806-ல் காப்டன் வாட்ஸன் என்பவரை வனப் பாதுகாவலராக நியமித்து, ஜன்மிகள் என்ற பரம்பரை நில உடைமையாளரின் மலைகளில் நின்ற தேக்கையும் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. மரத்துக்குச் சொந்தக்காரனே மரத்தைத் தொடக் கூடாது என்ற இந்த ஏற்பாட்டால் நிலக்காரரும் வியாபாரிகளும் ஒருங்கே மனக்கசப்படையவே, கவர்னர் ஸர் தாமஸ் மன்றோ 1823-ல் அதை ரத்து செய்தார். நியாயமான காரியந்தான், ஆனால் தடை நீங்கியதும், இளமரம், முதுமரம் என்று பாராமல் கைக்கெட்டியதெல்லாம் கள்ளிக்கோட்டைக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

காடு தானே மீளாது என்று உணர்ந்த மலபார்க் கலெக்டர் கானலி, 1840-களில் நிலம்பூரில் தேக்கை நட்டு வளர்க்கத் துணிந்தபோது, அவருக்கு வேண்டிய நிலம் சர்க்காரிடம் இல்லை. நிலம்பூர்க் கோவிலகம் என்னும் பிரபு குடும்பத்துத் திருமுல்பாடு போன்ற ஜன்மிகளிடம் குத்தகைக்குப் பெற வேண்டியிருந்தது. நிலம் கிடைத்தும் விதை முளைக்கவில்லை. தேக்கின் காய் ஓடு மிகக் கெட்டியானது. அதிகாரிகளின் ஆரம்ப முயற்சிகள் வீணாயின. சாத்து மேனன் என்ற உள்ளூர் உத்தியோகஸ்தரே விதையை ஊறவைத்துப் பாத்தியில் முளைப்பித்து, மழை பிடித்ததும் நாற்றை நடும் பக்குவத்தைக் கண்டார். தோட்டத்துக்குக் கலெக்டர் பெயர் நிலைத்திருக்கிறது. பாதிப் பெயராவது மேனனுக்கு உரியது என்பது என் அபிப்பிராயம்.

வெட்டிய மரம் சந்தைக்குப் போவதும் பருவத்தின் தயவிலேயே இருந்தது. யானைகள் இழுத்து வந்து ஆற்றோரம் சேர்த்த கட்டைகளை, பச்சைத் தேக்கு எளிதில் மிதக்காதாகையால் மூங்கிலோடு பிணைத்துத் தெப்பமாக்கி, சாலியாற்றில் வெள்ளம் வந்த பிறகே கள்ளிக்கோட்டையின் மரச்சந்தையான கல்லாயிக்கு அனுப்ப முடிந்தது. 1927-ல் நிலம்பூருக்கு ரயில் வந்த பின்புதான் ஆற்றின் ஆதிக்கம் தளர்ந்தது. ஆயினும் ஒரே ஜாதி மரத்தை மலை மலையாக நட்டதன் பலன் இன்றும் தெரிகிறது: மழைக்கு முன் தளிர்க்கும் இலைகளைப் புழுக்கூட்டம் திரளாக வந்து அரித்துவிட, மரம் சாகாவிட்டாலும் அதன் வளர்ச்சி குன்றுகிறது. நட்டவர் அறுவடையைக் காண்பது அரிதான, ஐம்பது அறுபது ஆண்டு காத்திருக்க வேண்டிய இப்பயிரில் இது சிறிய நஷ்டமன்று.

கானலிக்கு நிலம் குத்தகைக்குத் தந்த நிலம்பூர்க் கோவிலகத்தின் பெயர் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வெளிவந்தது. நீலகிரிச் சரிவிலுள்ள கூடலூரில் கோவிலகத்தாரின் ஜன்ம நிலங்களாக இருந்த மலைகளை, ஜன்ம உரிமையை ஒழித்த 1969-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னும் வழக்கும் ஆக்கிரமிப்பும் சூழ்ந்திருக்க, அங்கே மரங்கள் வெட்டப்படுவதைப் பொறாமல் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் சுப்ரீம் கோர்ட்டை அணுகினார். உடைமை எவருடையதாயினும் காடு காடே என்று கொண்டு, 1996 டிசம்பர் 12-ஆம் தேதி கோர்ட்டு பிறப்பித்த உத்தரவினால், மத்திய சர்க்கார் அங்கீகரித்த திட்டமின்றித் தேசத்தின் எந்தக் காட்டிலும் மரம் வெட்டலாகாது என்று ஆயிற்று. நீலகிரிச் சரிவில் தொடங்கிய வழக்கின் அடி அஸ்ஸாமில் விழுந்தது. அங்கே ஒட்டுப்பலகை ஆலைகள் மூடப்பட்டன, தொழிலாளருடன் கட்டை இழுத்த யானைகளும் வேலையிழந்தன. தேக்கின் மேலுள்ள ஆசையோ குறையவில்லை. இன்று நம் துறைமுகங்களில் இறங்கும் தேக்குக் கட்டைகள் கானாவிலும் ஈக்வடாரிலும் வெட்டப்பட்டு வருகின்றன.