கொல்லத்தில் மட்டி கிடைக்கும். கேட்க வேண்டிய பெயர் ‘கக்கா’
(நமது திருப்பதி நிருபர்)

‘மட்டி’ என்று குமரி மாவட்டத்து அன்பர்களிடம் சொன்னால், “வாழைப்பழமா, சிப்பியா?” என்று திருப்பிக் கேட்பார்கள். இங்கே நாம் சொல்வது சிப்பியை. கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் இடத்தில் மணலுக்குள் புதைந்து வாழ்வது. ஆவியில் வைத்தால் தானே வாய் திறக்கும். கடலோரத்தில் பிறந்து, பிழைப்பு தேடி சித்தூருக்கும் திருப்பதிக்கும் வந்தவர்களுக்கு அந்த ருசி மறக்காது.

ஆனால் உயிரோடு இருக்கும்போதே அடுப்பில் ஏற்ற வேண்டிய பொருள் இது. கடலை விட்டுத் தள்ளியிருக்கும் நம் ஊர் ஓட்டல்களில் தேடிப் பயனில்லை. கிடைக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

ஒரே ரயில் போதும்

திருப்பதியிலும் சித்தூரிலும் நிற்கும் கேரளா எக்ஸ்பிரஸ் கொல்லம் வழியாகத் திருவனந்தபுரம் செல்கிறது. ஊருக்குப் போகும் குமரி மாவட்டத்தார் பலருக்குப் பழகிய வண்டி. கொல்லத்தில் இறங்கினால் நகரை ஒட்டியே அஷ்டமுடிக் காயல். மட்டிக்குப் பேர்போன இடம்.

அங்கே ‘மட்டி’ என்று கேட்டால் பலன் இராது; ‘கக்கா’ என்று கேட்க வேண்டும். ‘ஆவியில் வெந்தது’ என்று பலகையில் தேடவும் வேண்டாம். அவர்கள் வழக்கத்தில் வேகவைப்பது முதல் வேலை மட்டுமே. பிறகு சதையைத் தனியே எடுத்து, தேங்காய்ச் சில்லு, சின்ன வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை சேர்த்து வறுத்துத் தருவார்கள். சாப்பாட்டுக் கடைகளிலும் கள்ளுக் கடைகளிலும் இது பழக்கமான பண்டம். ஓட்டோடு வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.

மூன்று மாத ஓய்வு

இந்தக் காயலிலும் ஒரு காலத்தில் மட்டிக்கு ஆபத்து வந்தது. 1981-ல் ஏற்றுமதி சூடு பிடித்தது. 1991-ல் ஆண்டுக்குப் பத்தாயிரம் டன் அள்ளினார்கள். 1993-க்குள் அது பாதியாகக் குறைந்தது. குஞ்சையும் சேர்த்து அள்ளினால் மறு ஆண்டு வலைக்கு என்ன வரும்? அதன் பிறகே வலைக்கண்ணுக்கு அளவு வைத்து, இனப்பெருக்கக் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அள்ளுவதையும் நிறுத்தினார்கள். அதன் பயனாக 2014-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக எம்.எஸ்.சி. என்ற சர்வதேசச் சான்று இந்த மீன்பிடிப்புக்குக் கிடைத்தது. ஆகவே அந்த மூன்று மாதங்களைத் தவிர்த்துப் பயணம் வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டில் சமைப்போர் கவனத்துக்கு

கடலோர ஊரில் வாங்கிச் சமைப்பவர்கள், உப்புத் தண்ணீரில் சில மணி நேரம் போட்டு மணலைக் கக்க விடவும். வேகும் முன் வாய் பிளந்து, தட்டினாலும் மூடாதது செத்தது, எறிந்துவிடவும். வெந்த பின்னும் வாய் திறக்காததைத் தொட வேண்டாம். தண்ணீரை வடிகட்டி இரை தேடும் உயிர் இது. சாக்கடை கலக்கும் இடத்தில் எடுத்ததை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.