விமானப்படைக் கல்லூரியை நெருங்கிய காட்டுத் தீ!

அமெரிக்காவில் கொலராடோ என்று ஒரு மாநிலம். அங்கே மலையடிவாரத்தில் அந்நாட்டு விமானப்படைக் கல்லூரி இருக்கிறது. 1954-ம் ஆண்டு அமைக்கப்பட்டது. பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களும் பெண்களும் இங்கே சேர்கிறார்கள். 'கிளைடர்' என்னும் எஞ்சின் இல்லாத விமானத்தில் ஏறிப் பழகுகிறார்கள்.

2012-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி, அருகே உள்ள வால்டோ பள்ளத்தாக்கில் தீப்பிடித்தது. மழை இல்லாத ஆண்டு. பைன் மரங்கள் விறகாய்க் காய்ந்து கிடந்தன.

பேய்க் காற்று

26-ந் தேதி வெயில் 101 டிகிரி! மாலையில் மணிக்கு 65 மைல் வேகத்தில் பேய்க்காற்று வீசியது. தீ மலையை விட்டு ஊருக்குள் இறங்கியது. கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் சுமார் 350 வீடுகள் சாம்பலாயின. 2 பேர் மாண்டனர். கல்லூரி எல்லையையும் நெருப்பு நெருங்கியது. அங்கே குடியிருந்த குடும்பங்கள், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறின.

"விமானத்தில் ஏறிப் பறந்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். அது நடக்காது! புகையில் மலை எது, வானம் எது என்று தெரியாது. அனல் காற்று விமானத்தைத் தூக்கிப் போடும். பழகும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? தவிர, தீயணைக்கும் விமானங்களுக்கு வானத்தில் வழி விடவேண்டும்.

வந்தார்கள் மாணவர்கள்!

இதில் ஒரு சங்கடம். புது மாணவர்கள் சேரும் நாள் 28-ந் தேதி. தீ வீட்டை எரித்து இரண்டே நாள்! சேர்க்கையைத் தள்ளிவைக்கலாமா?

தள்ளிவைக்கவில்லை. குறித்த நாளில் சுமார் 1,000 பேர் வந்து சேர்ந்தனர். மலையில் புகை எழுந்துகொண்டிருக்க, பெற்றோர் பிள்ளைகளை விட்டுப் பிரிந்தார்கள். எந்தத் தாய்க்குத்தான் வயிறு கலங்காது?

பக்கத்து விமானத் தளத்திலிருந்து பெரிய ராணுவ விமானங்கள் கிளம்பின. ஒவ்வொன்றும் 11,000 லிட்டருக்கு மேல் தீத்தடுப்புக் கரைசலைச் சுமந்து சென்றது. சில விநாடிகளில் அத்தனையும் செந்நிற மழையாகக் கொட்டும்! மரத்தின் உச்சியை உரசுவதுபோல் தாழப் பறந்தால்தான் பலன். ஆபத்தான வேலை. ஜூலை 1-ந் தேதி, தெற்கு டகோட்டா மாநிலத்தில் வேறொரு தீயை அணைக்கப் போன இத்தகைய விமானம் ஒன்று விழுந்தது. அதில் இருந்த 6 பேரில் 4 பேர் உயிரிழந்தனர்.

ஜூலை 10-ந் தேதி வால்டோ தீ முழுவதும் கட்டுக்குள் வந்தது. அதற்குள் 18,000 ஏக்கர் கருகிவிட்டது. தீயை மூட்டியது மனிதர் கைதான் என்று விசாரணையில் தெரிந்தது. யார் கை என்பதுதான் தெரியவில்லை.